விசில் அடியுங்கள், கதையைச் சொல்லாதீர்கள்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போன எதிரணி நண்பர்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கிற பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பெயர்பெற்ற ஒரு நாவல் படமாகித் தியேட்டருக்கு வரும்போது, அதை ஏற்கெனவே படித்தவர்கள் அரங்குக்குள் பேசும் பேச்சு ரசனையை வளர்க்கிறதா, குலைக்கிறதா? குலைக்கிறது என்கிற அணியில் நான் நிற்கிறேன். பொன்னியின் செல்வனை வைத்தே பேசப் போகிறேன். ஏனென்றால் ஒரு நாவலைப் பலமுறை படித்தவரும், அதன் பெயரை மட்டும் கேள்விப்பட்டவரும் இத்தனை பெரிய கூட்டமாக ஒரே இருட்டுக்குள் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது, நம் காலத்தில் 2022 செப்டம்பர் 30-ல் முதல் பாகம் வந்தபோதும் 2023 ஏப்ரல் 28-ல் இரண்டாம் பாகம் வந்தபோதும்தான்.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே, தியேட்டர் என்ன பரீட்சை ஹாலா, தமிழன் வாயை மூடிக்கொண்டு படம் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, வாயை மூடச் சொன்னது யார்? வந்தியத்தேவன் குதிரையில் பாட்டோடு வரும்போது விசில் அடியுங்கள். குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும்போது தியேட்டர் அதிரக் கத்துங்கள், நானும் கத்துவேன். அந்தச் சத்தம் திரையைப் பார்த்துப் போகிறது, எல்லோருக்கும் பொதுவாகப் போகிறது, அதனால் யாருக்கும் எதுவும் குறைந்துபோவதில்லை. நான் குற்றம் சொல்வது இன்னொரு சத்தத்தை. பக்கத்து சீட்டுக்குச் சாய்ந்து, காதோடு காதாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு முன்னால் இரண்டு வரிசைக்கும் பின்னால் இரண்டு வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "இப்ப பாரு, இவன் யார்னு தெரியுமா, அடுத்து என்ன ஆகும்னா" என்று ஆரம்பிக்கிறார்களே, அந்தச் சத்தம். விசில் வேறு, விளக்கம் வேறு. இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டித்தான் எதிரணி இவ்வளவு நேரம் பேசியிருக்கிறது.

2019-ல் அசுரன் வந்தது. பூமணியின் வெக்கை நாவல்தான் அதற்கு அடிப்படை. அந்த நாவல் 1982-லேயே வந்துவிட்டது, ஆனாலும் படம் பார்க்க வந்த கூட்டத்தில் அதைப் படித்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தியேட்டரில் என்ன சத்தம்! தனுஷ் திருப்பி அடிக்கிற இடத்தில் கூரை பிய்த்துக்கொள்ளாத குறை. ஆனால் முன்கூட்டியே எதையும் சொல்லி யாரும் யாருடைய படத்தையும் கெடுக்கவில்லை. சத்தம் போடுவதில் இல்லை சிக்கல், நடுவர் அவர்களே. எனக்குத் தெரியும் என்பதை இன்னொருவர் செலவில் காட்டிக்கொள்வதில்தான் இருக்கிறது.

சரி, இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன்.

பொன்னியின் செல்வன் முதலில் புத்தகமாக வரவில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது, மணியத்தின் ஓவியங்களோடு. அப்போது அதைப் படித்தவர்கள் எப்படிப் படித்தார்கள்? வாராவாரம் காத்திருந்தார்கள். பல வீடுகளில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு அத்தியாயம் ஒரு கேள்வியில் வந்து நிற்கும், அந்தக் கேள்வியோடு அடுத்த இதழ் வரும்வரை இருக்க வேண்டும். மூடுபல்லக்கில் போவது யார்? கடம்பூர் மாளிகையில் நடுச்சாமத்தில் கூடுகிறவர்கள் எதற்குக் கூடுகிறார்கள்? இலங்கைக் காட்டில் திரியும் அந்த ஊமைப் பெண்மணி யார், அவர் முகத்தைப் பார்த்ததும் ஏன் எல்லோரும் திகைக்கிறார்கள்? 5 பாகங்கள், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல், இந்தக் காத்திருப்பின் மேலேயே கல்கி கட்டியிருக்கிறார். பின்னால் புத்தகமாக வாங்கி ராத்திரி விடிய விடியப் படித்தவர்களும் அந்தத் தவிப்பில்தான் பக்கம் புரட்டினார்கள்.

அப்படித் தவித்துத் தவித்து ரசித்த நீங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பதினைந்து வயதுப் பையனுக்கு அந்தத் தவிப்பே கிடைக்கவிடாமல் செய்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்? கல்கி மேல் அவ்வளவு அன்பு என்கிறீர்கள். அவர் பொத்திப் பொத்தி வைத்ததை இடைவேளைக்கு முன்னாலேயே அவிழ்த்துக் கொட்டுகிறீர்கள். அன்பு இருப்பவர் செய்கிற காரியமா இது?

முதல் பாகம் எப்படி முடிகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். புயல், கடல், மூழ்குகிற கப்பல். கடைசியில் தண்ணீருக்குள் ஒரு முகம். அது யார் முகம் என்று இந்த மேடையில் சொல்ல மாட்டேன், இன்னும் படம் பார்க்காதவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். 167 நிமிடப் படத்தையும் அந்த ஒரு நொடிக்காக இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார் மணிரத்னம். தஞ்சாவூரில் ஒரு தியேட்டரில் நான் பார்த்தேன், எனக்கு முன் வரிசையில் கல்லூரிப் பெண்கள் சிலர், அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம். கப்பல் ஆட ஆரம்பித்ததுமே அந்தக் குடும்பத்தில் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டார். மெதுவாகக்கூட இல்லை, நல்ல குரலில், பெருமையாக. அந்தப் பெண்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த முகம் திரையில் வந்தபோது அரங்கமே மூச்சைப் பிடித்தது, அவள் பிடிக்கவில்லை. அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்த செய்தி. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் நடுவர் அவர்களே, அந்த நொடியை யார் திருப்பிக் கொடுப்பது? முதல் முறை என்பது ஒரே ஒரு முறைதானே.

எதிரணியில் பேசிய சகோதரி, படித்தவர்கள் விளக்கினால்தான் மற்றவர்களுக்குப் புரியும், எத்தனை பழுவேட்டரையர், எத்தனை சோழர், பாவம் அவர்கள் எப்படிப் பின்தொடர்வார்கள் என்று உருகினார். சகோதரி, அந்தக் கவலை கல்கிக்கே இருந்தது. அதனால்தான் வந்தியத்தேவனைப் படைத்தார். ஆதித்த கரிகாலன் அனுப்பிய தூதனாகச் சோழ நாட்டுக்குள் நுழைகிற அவனுக்கும் அங்கே யாரையும் சரியாகத் தெரியாது. அவன் ஒளிந்து கேட்கும்போது நாமும் ஒளிந்து கேட்கிறோம், அவன் ஏமாறும்போது நாமும் ஏமாறுகிறோம். தெரியாமல் இருப்பவனை முன்னால் அனுப்பி, அவனோடு சேர்ந்து நம்மையும் தெரிந்துகொள்ள வைத்திருக்கிறார். மணிரத்னமும் குமரவேலும் ஜெயமோகனும் திரைக்கதை எழுதும்போது அந்தப் பிடியை விடவில்லை. போதாததற்கு, முதல் பாகத்தின் தொடக்கத்தில் கமல்ஹாசன் குரலில் ஒரு முன்கதையும் வைத்தார்கள். ஆக, ஒன்றும் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் இந்தக் கதை எதிர்பார்க்கிற ஆள். அவரிடம் எந்தக் குறையும் இல்லை. அவருக்கு நீங்கள் செய்வதாக நினைக்கிற உதவி அவர் கேட்காத உதவி.

அப்புறம் இன்னொரு வகை இருக்கிறது. இவர்கள் கதையைச் சொல்ல மாட்டார்கள், ஒப்பிடுவார்கள். நாவல் எங்கே தொடங்குகிறது? ஆடிப்பெருக்கு நாள், கடல்போல விரிந்த வீராணம் ஏரி, கரையோரம் குதிரையில் வரும் வந்தியத்தேவன். படமோ போர்க்களத்தில் தொடங்குகிறது. அவ்வளவுதான், படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே முணுமுணுப்பு ஆரம்பித்துவிடுகிறது: வீராணம் எங்கே, ஆடிப்பெருக்கு எங்கே? இரண்டாம் பாகத்தில் மணிமேகலை எங்கே? நாவலில் அவள் எவ்வளவு முக்கியம் தெரியுமா? எனக்கும் தெரியும் ஐயா. மணிமேகலை இல்லாதது எனக்கும் வருத்தம்தான். அவள் அன்பை வாசித்த யாருக்கும் அது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாயிரம் பக்கத்தை இரண்டு படமாகச் சேர்த்துச் சுமார் 5.5 மணி நேரத்துக்குள் அடக்குகிறவர் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விட்டார், ஏன் விட்டார், சரியா தப்பா என்பது நல்ல விவாதம். மணிக்கணக்கில் நடத்தலாம், நானே வருகிறேன். இருட்டில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மணிமேகலை என்று ஒருத்தி இருந்ததே தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நடத்தாதீர்கள். திரையில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்க வந்திருக்கிறார். என்ன இல்லை என்கிற பட்டியல் அவருக்கு எதற்கு? அந்த முணுமுணுப்பில் நீங்களும்தான் இழக்கிறீர்கள். அந்தப் போர்க்களக் காட்சியில் கரிகாலனின் வெறியையும் அதற்குள் இருக்கிற வலியையும் பார்க்காமல், வராத ஏரியைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். தெருக்கூத்தில் எல்லோருக்கும் கதை தெரியும், கட்டியங்காரன் இடையில் வந்து விளக்குவான், ரசனை குறைந்தா போயிற்று என்றார். பேசாப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லவே ஆள் வைத்திருந்தார்கள் என்றும் சொன்னார். இரண்டும் உண்மை. ஆனால் கூத்து பார்க்க வந்த அத்தனை பேருக்கும் திரௌபதி கதை தெரியும். தெரிந்தவரும் தெரியாதவரும் கலந்து உட்கார்ந்து, தெரியாதவர் கையில் இருப்பதைத் தெரிந்தவர் பிடுங்குகிற நிலைமை அங்கே இல்லை. கட்டியங்காரன் கூத்துக்குள் ஒரு பாத்திரம், எதை எப்போது சொல்ல வேண்டும் என்று தெரிந்த கலைஞன். பேசாப் படத்துக்கு விளக்கம் சொன்னவரும் அப்படித்தான். திரையில் பேச்சு இல்லாததால் அந்தப் பேச்சை அவர் கொடுத்தார், ஊருக்கே பொதுவாகக் கொடுத்தார். 1931-ல் காளிதாஸ் வந்து தமிழ்ப்படம் பேச ஆரம்பித்த பிறகு அந்த வேலைக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. இப்போது ஏ.ஆர்.ரஹ்மான் இசையும் ஜெயமோகன் வசனமும் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வேலையை நீங்கள் ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?

செல்போனைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். கடைசிக் காட்சியைப் பிடித்து ஸ்டேட்டஸ் போடுகிறவர் தன் வரிசையோடு நிற்பதில்லை, தன் போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் படத்தைக் கெடுக்கிறார். தியேட்டரில் அனுமதியில்லாமல் படத்தைப் பதிவு செய்வது சட்டப்படியே குற்றம். 2023-ல் திருத்திய சட்டத்தில் குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் இருக்கிறது. வாயால் சொல்வதற்குச் சட்டம் இல்லை, இருக்கவும் வேண்டாம். மனசாட்சி போதும் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தியேட்டர் பக்கமே வராமல் இருந்த பாட்டிகளும் தாத்தாக்களும் இந்தப் படத்துக்காகப் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்கள். அந்தக் காட்சியே எனக்கு ஒரு படம். சின்ன வயதில் மனதுக்குள் பார்த்த குந்தவையைத் திரையில் பார்த்ததும் அந்தப் பாட்டி "ஆ, இவதான்" என்று சொல்லிவிட்டால், அதைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது. அது ஆனந்தம், தன்னை அறியாமல் வருவது. காது கேட்காத தாத்தாவுக்குப் பேத்தி ஒரு வசனத்தைத் திருப்பிச் சொன்னால் அதையும் குற்றம் என்று சொல்ல மாட்டேன். நான் சொல்வது தன்னை அறிந்தே, தனக்குத் தெரியும் என்பதற்காகவே பேசுகிறவர்களை. எதிரணி அந்தப் பாட்டியை முன்னால் நிறுத்தி, அவர் முந்தானைக்குப் பின்னால் இவர்களை ஒளித்துவைக்கப் பார்க்கிறது. அதை விடமாட்டேன்.

கடைசியாக அவர்கள் வீசியது, எழுபது வருஷத்துக் கதைக்கு என்ன ரகசியம் என்கிற கேள்வி. நாட்டுடைமை ஆன எழுத்து, பெட்டிக்கடையில்கூடத் தொங்குகிறது, படிக்காதது உங்கள் தப்பு என்கிறார்கள். இந்தப் பேச்சுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. வேலைக்குப் போகிற அவசரத்தில், வீட்டில் புத்தகமே இல்லாத சூழ்நிலையில், ஆங்கில வழியில் படித்துத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களுக்கு அந்தக் கதைக்கு வயது எழுபது இல்லை, விளக்கு அணைந்த அந்த நிமிடத்தில்தான் பிறக்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் படம் பார்த்த கையோடு புத்தகக் கண்காட்சிக்குப் போய் 5 பாகத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படத்தில் விடை கிடைக்காமல் மனதில் தங்கிப்போன கேள்விகள்தான் அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போயின. எல்லா விடையையும் பக்கத்து சீட்டிலேயே வாங்கிக்கொண்டவர் எதற்குப் புத்தகம் வாங்கப் போகிறார்?

பேசாமல் இருக்க முடியவில்லை என்றால் படம் முடிந்து வெளியே வாருங்கள். டீக்கடையில் நின்று விடியும்வரை பேசலாம். தொடர் முடிந்ததும் வாசகர்கள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்கள், கல்கி அதற்கென்றே முடிவுரை எழுதி அதில் பதில் சொன்னார். எப்போது எழுதினார்? எல்லாம் முடிந்த பிறகு. நடுவில் யார் கேட்டிருந்தாலும் மூடுபல்லக்கின் திரையை விலக்கிக் காட்டியிருப்பாரா?

எதிரணியில் எனக்கு அடுத்துப் பேச வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். நீங்கள் முதல் முறையாகப் பொன்னியின் செல்வனைக் கையில் எடுத்து, சாப்பாட்டைக்கூட மறந்து, கடம்பூர் அத்தியாயத்தில் மூழ்கியிருந்த நேரத்தில், உங்கள் அண்ணனோ அக்காவோ வந்து அந்தப் பல்லக்கில் இருப்பது இன்னார்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், நன்றி என்று சொல்லியிருப்பீர்களா? அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.