குஞ்சுக்கும் மூக்கு உண்டு

தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மாநகரசபை உறுப்பினர் ஐயா அவர்களே, இந்த மழையிலும் காலி வீதி நெரிசலைத் தாண்டி வந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் அம்மா அவர்களே, தேத்தண்ணீர் ஏற்பாடு செய்த தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். பறவைக் குஞ்சுகளின் மோப்பம் பற்றி இரண்டு விடயம் சொல்ல வந்திருக்கிறேன்: கூடு, இரை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. போன வருடம் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் மாமரத்திலிருந்து ஒரு காகக் குஞ்சு விழுந்துவிட்டது. நான் குனிய, மேல்மாடி அன்ரி, "தொடாதையுங்கோ தம்பி, மனிச வாடை பட்டால் தாய் சேர்க்காது" என்று கத்துகிறா, மதில் மேல் பூனை காத்திருக்கிறது, தாய்க்காகம் என் உச்சியில் இரண்டு தரம் கொத்திவிட்டது, மகள் ஓடிப்போய் ஹெல்மெட் எடுத்து வந்தாள். அதைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினேன். கைக்குள் குஞ்சின் நெஞ்சு படபடவென்று அடித்தது, வாய்க்குள் ஒரே சிவப்பு. கூட்டில் சுள்ளியோடு கம்பியும் நீல பிளாஸ்டிக் நூலும் பின்னிக் கிடந்தன. அரை மணித்தியாலத்தில் தாய் வந்து ஊட்டியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று அன்ரியிடம் சொன்னேன்.

அதற்காகப் பறவைக்கு மோப்பமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அப்படித்தான் நெடுங்காலம் நம்பினார்கள். ஜெர்மனியில் ஆய்வாளர்கள், ஸீப்ரா ஃபிஞ்ச் என்ற சிறு குருவியின் குஞ்சுகளுக்குத் தன் கூட்டு வாசனையையும் அயல் கூட்டு வாசனையையும் காட்டினார்கள். அவை தன் கூட்டு வாசனையையே நாடின. நீலப் பெட்ரல் என்று ஒரு தென்கடல் பறவை, மண் வளைக்குள் வளர்வது. கடலையே கண்டிராத அதன் குஞ்சுகளை இரண்டாகப் பிரியும் குழாய்ப் பாதையில் விட்டுப் பார்த்தார்கள், டைமெதில் சல்பைட் வாடையை அவை அடையாளம் கண்டுகொண்டன. கடலில் நுண்பாசியைச் சிற்றுயிர்கள் மேயும்போது எழும் வாடை அது. பெட்ரலுக்கு அதுதான் சாப்பாட்டு மணி.

இப்போது கவனியுங்கள். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கில் பாசி படிந்தால் அதிலிருந்தும் அதே வாடை வருகிறது. அந்த வாடையைப் பின்தொடரும் பறவை இனங்களே பிளாஸ்டிக்கை அதிகம் விழுங்குகின்றன என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. விழுங்கியதைத்தானே தாய் குஞ்சுக்கும் ஊட்டும்! 2021இல் கொழும்புக்கு அருகே கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்தபோது கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகளை அள்ளினோம், அப்புறம் மறந்துவிட்டோம். நம் வாய்க்காலில் எறியும் ஒவ்வொரு பையும் அதே கடலுக்குத்தான் போகிறது.

உறுப்பினர் ஐயா, வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் ஒரு தடுப்பு வலை வேண்டும். மனு வாசலில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணீருக்குப் போங்கள்.