எல்லாத் தாளையும் முடித்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். காப்பீட்டு நிறுவனங்களும் ஆலைகளும் பிற்காலத்தில் தர வேண்டிய பணத்துக்கு இன்றே கணக்குப் போட்டுச் சொல்பவர்தான் ஆக்சுவரி. அந்தப் பெயரைச் சொன்னதும் கணிதத்துறை மாணவர்கள் முதலில் கேட்பது, "ரொம்பக் கஷ்டமாமே, முடிக்க எத்தனை வருஷம் ஆகும்?" என்றுதான். பத்துக்கும் மேற்பட்ட தேர்வுத் தாள்கள். வேலை பார்த்துக்கொண்டே எழுதினால் ஆறேழு வருஷம் சாதாரணமாக ஓடிவிடும், அதற்கு மேலும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பயமுறுத்த வரவில்லை. அத்தனை தாளையும் முடித்த பிறகு வேலை தேடலாம் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்படி என்ன வேலை? ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெறும்போது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, தர வேண்டும். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் வருஷங்களால் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய், 20 வருஷம் என்றால் 3 லட்சம். எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் இதற்காக இந்த வருஷக் கணக்கில் ஆலை எவ்வளவு காட்ட வேண்டும்? யார் ஓய்வு வயது வரை இருப்பார், யார் நடுவில் நின்றுவிடுவார், யார் இறந்துபோவார், சம்பளம் எவ்வளவு ஏறும், இருபது வருஷம் கழித்துக் கொடுக்கப்போகிற ரூபாய்க்கு இன்றைய மதிப்பு என்ன, இதையெல்லாம் சேர்த்து ஆக்சுவரி ஒரு தொகை சொல்ல வேண்டும். வட்டி விகிதம் அரை சதவீதம் நகர்ந்தாலே அந்தத் தொகை மாறும். "போன வருஷத்தைவிட ஏன் கூட?" என்று முதலாளி கேட்பார், அவருக்குப் புரிகிற தமிழில் சொல்லத் தெரிய வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர் கைக்கு இதுகூட வராது. தொழிலாளிகளின் விவரம் உள்ள ஒரு எக்செல் ஷீட்தான் வரும். அதில் ஒருவர் பிறப்பதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்திருப்பார். வயதான தொழிலாளிகளில் ஏகப்பட்ட பேர் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது கணக்குக்கு வர ஹெட்மாஸ்டர் போட்ட தேதி அது. ஓய்வுக்கு அந்தத் தேதிதான் செல்லும், ஆனால் எமன் சர்டிபிகேட் பார்ப்பதில்லை! இதெல்லாம் ஷீட்டோடு மல்லுக்கட்டினால்தான் பிடிபடும்.

வழி சிக்கலில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் இந்திய ஆக்சுவரிகள் இன்ஸ்டிட்யூட்டின் ஏசெட் நுழைவுத் தேர்வை எழுதலாம். அப்புறம் கல்லூரியில் இருக்கும்போதே சிஎஸ்1, சிஎம்1 எழுதிப் பாருங்கள். முன்னது புள்ளியியல், பின்னது வட்டிக் கணக்கும், எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று காட்டும் ஆயுள் அட்டவணையும். சிஎஸ்1-இல் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டரில் ஆர் (R) என்ற புரோகிராம் மொழியில் செய்ய வேண்டும், காகிதத்தில் கணக்குப் போட்டு நூறு வாங்கிப் பழகியவர்கள் தடுமாறுகிற இடம் அது. இரண்டு மூன்று தாள் கைக்கு வந்ததும் வேலை தேடத் தொடங்கிவிடுங்கள். எட்டுத் தாள் பாஸ், அனுபவம் பூஜ்யம் என்று போய் நின்றால் கம்பெனி தயங்கும், ஏனென்றால் சம்பளம் எட்டுத் தாளுக்குத் தர வேண்டும், செய்யப்போவதோ டிரெய்னி வேலை. உள்ளே போய்விட்டால் தேர்வுக்குப் படிக்க லீவு தருகிற கம்பெனிகள் நிறைய இருக்கின்றன, பாஸானால் கட்டணத்தைத் திருப்பித் தருவதும் உண்டு.

1956-இல் எல்ஐசி வந்ததிலிருந்து 2000 வரை ஆயுள் காப்பீட்டில் ஏறக்குறைய ஒரே கதவுதான். பிறகு தனியார் வந்தார்கள். ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் ஓர் ஆக்சுவரியை நியமித்தே ஆக வேண்டும் என்பது விதி. வெளிநாட்டுக் கம்பெனிகளின் வேலையும் இங்கே வருகிறது, ஆனால் பெரும்பாலும் மும்பை, குர்கான், பெங்களூர் பக்கம். சென்னையை விட்டு நகரமாட்டேன் என்று அடம் பிடித்தால் வாய்ப்பு சுருங்கும், வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.

சரி, மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள். கேட்பவர்கள் எந்த வருஷம் படிக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள், முதல் வருஷத்துக்கும் கடைசி வருஷத்துக்கும் என் பதில் ஒன்றாக இருக்காது.