‘சும்மா ஒண்ணு வரைஞ்சு குடு’ன்னு கேட்டா என்ன விலை சொல்றது?

வணக்கம் மக்களே. “தம்பி, நல்லா வரையறியே, எங்க நிகழ்ச்சிக்கு ஒரு போஸ்டர் போட்டுக் குடேன். கீழ உன் பேரைப் போட்டுடறோம்.” ஐபேட்ல வரையற ஆளா இருந்தா இந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். பகல்ல வேலை இல்லாட்டி படிப்பு, ராத்திரியில பொழுதுபோக்குக்கு வரையற நாம இதுக்குக் காசு கேக்கலாமா? இன்னிக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல என் முடிவைச் சொல்லிடறேன். உங்க ஆசைக்கு நீங்களா வரையற படத்துக்கு விலையே வேணாம், தாராளமா இன்ஸ்டாகிராம்ல போடுங்க. ஆனா இன்னொருத்தர் வந்து அளவு, நிறம், தேதின்னு மூணையும் அவரே சொல்ல ஆரம்பிச்சிட்டா அது வேலை. வேலைக்கு முழு விலை வாங்குங்க, இல்லாட்டி மனசாரச் சும்மா குடுங்க. நடுவுல “அன்புக்கு ஒரு 10 வெள்ளி”ன்னு (நம்ம சிங்கப்பூர் டாலர்தான்) ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் மோசம். அந்த 10 வெள்ளியைக் குடுத்த உடனே அவர் வாடிக்கையாளர் ஆயிடறார். “காசு குடுத்திருக்கேன்ல, இன்னொரு தடவை மாத்திக் குடு”ன்னு உரிமையா கேக்கலாம். உங்களுக்கோ அந்த 10 வெள்ளி ஒரு மணி நேரத்துக்குக்கூடக் கட்டுப்படியாகாது. இதையே பொழைப்பா வெச்சிருக்கிற ஆளுங்களோட விலையையும் அது கீழ இழுத்துடும்.

சரி, முழு விலைன்னா எவ்வளவு? ஊகம் பண்ணாதீங்க. ஐபேட்ல வரையற ப்ரொகிரியேட் செயலியில ‘கேன்வாஸ் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ போங்க. அங்க ‘டிராக்டு டைம்’னு இருக்கும், அந்தப் படத்துல எவ்வளவு நேரம் வரைஞ்சீங்கன்னு அதுவே கணக்கு வெச்சிருக்கும். உங்க பழைய படம் அஞ்சாறைத் திறந்து பாருங்க, பாதிப் பேருக்குத் தூக்கிவாரிப் போடும். அதுலயும் வாட்ஸ்அப்ல பேசுற நேரம், மாதிரிப் படம் தேடுற நேரம், ஃபைல் ஏத்தி அனுப்புற நேரமெல்லாம் சேராது. அதைத் தனியா கூட்டணும்.

ஒரு உதாரணம். கல்யாண ஜோடி, இடுப்பு வரைக்கும், பின்னணி ஒரே நிறம். வரையறதுக்கு 6 மணி நேரம், பேச்சுவார்த்தையும் திருத்தமும் ஒண்ணரை, ஃபைலா எடுத்து அனுப்ப அரை. மொத்தம் 8 மணி நேரம். மணிக்கு 15 வெள்ளின்னு கணக்குக்காக வெச்சாலும் 120 வெள்ளி. அதைக் கேட்டு “அவ்வளவா?”ன்னு வாயைப் பிளக்கிறவங்க இருப்பாங்க, விடுங்க.

இதுல ஒரு பொறி இருக்கு. வெளிநாட்டு ஓவியர்களோட விலைப்பட்டியலைப் பார்த்து ‘தலைக்கு இவ்வளவு’ன்னு நம்மாளுங்களும் போட்டுடறாங்க. நம்ம கல்யாணப் பொண்ணுக்கு அந்தக் கணக்கு உதவாது. திரையில இந்தப் படத்தைப் பெருசாக்கறேன், பாருங்க. முகம் நாலு லேயர்ல, அதாவது ஒண்ணு மேல ஒண்ணா வெச்ச நாலு அடுக்குல முடிஞ்சது. நெத்திச்சுட்டி, ஜிமிக்கி, மாட்டல், ஆரம், ஒட்டியாணம், இதுக்கு மட்டும் பதினோரு லேயர். புடவை ஜரிகையை ஒரு பேட்டர்ன் பிரஷ்ஷை வெச்சு நேரா இழுத்துட்டா தட்டையா, ரிப்பன் ஒட்டின மாதிரி இருக்கும். தோள்ல மடிப்பு விழுற இடத்துல கரையை வெட்டி, ‘வார்ப்’ பண்ணி, அதாவது வளைச்சுத் திருப்பி, மடிப்புக்குள்ள போற பகுதியை இருட்டாக்கணும். நேரமெல்லாம் போறது இங்கதான். அதனால பட்டியல்லயே ‘பட்டுப்புடவை, முழு நகை: கூடுதல் 40 வெள்ளி’ன்னு ஒரு வரி போட்டுடுங்க. தையல்காரர் சாதா ரவிக்கைக்கு ஒரு விலை, ஆரி வேலைக்கு ஒரு விலைன்னு சொல்றார்ல, யாரும் அவரோட சண்டைக்குப் போறதில்லை.

வேலையை எடுத்துக்கிட்ட பிறகு வரிசை முக்கியம். மாதிரிப் படமும் விவரமும் மொத்தமா ஒரே மெசேஜ்ல வாங்குங்க. பாதிப் பணம் முன்பணம், வந்த பிறகுதான் ஸ்கெட்ச். ஸ்கெட்ச் நிலையில ரெண்டு தடவை திருத்தம் இலவசம். “ஓகே, மேல பண்ணலாம்”னு எழுத்துல பதில் வாங்கிட்டுத்தான் கோடு, நிறம். அதுக்கப்புறம் தலையைத் திருப்பு, கையை மாத்துன்னா அது தனிக் கட்டணம். ஏன்னா ஸ்கெட்ச்ல தலையைத் திருப்ப அஞ்சு நிமிஷம் ஆகும், நிறம் போட்ட பிறகு திருப்பினா நகையோட சேர்த்து எல்லா லேயரையும் கலைச்சு மறுபடி வரையணும். முடிஞ்சதும் ஆயிரம் பிக்சல் அகலத்துல, முகத்து மேலயே வாட்டர்மார்க் போட்டு அனுப்புங்க. மூலையில போட்டா வெட்டி எறிஞ்சிடுவாங்க. மீதிப் பணம் வந்த பிறகு பெரிய ஃபைல். லேயர் பிரிச்ச மூல ஃபைலைக் கேட்டா அதுக்கு வேற விலை, ஏன்னா அதை வெச்சு யார் வேணா உங்க படத்தை மாத்தி அமைக்கலாம்.

பணம் வாங்க உள்ளூர்ல பேநவ் போதும், வங்கிக் கணக்கு எண் இல்லாமலே பணம் அனுப்பற வசதி அது. அடையாள அட்டை எண்ணைக் குடுக்காம ஃபோன் நம்பரை இணைச்சுக்கோங்க. ‘அனுப்பிட்டேன்’னு ஸ்கிரீன்ஷாட் வந்தா நம்பாதீங்க, உங்க வங்கிச் செயலியைத் திறந்து பாருங்க. “தவறிக் கூடுதலா போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க”ன்னு வந்தா, அது பெரும்பாலும் ஏமாத்து வேலை. வெளிநாட்டுல இருந்து வாங்கும்போது பேபால்ல கட்டணம் உங்க பக்கம்தான் கழியும், அதை விலையிலயே சேர்த்துடுங்க. அதுல வாங்கினவர் 180 நாளுக்குள்ள புகார் எழுப்பலாம். அதனால ஒப்புதல் மெசேஜ், அனுப்பின ஃபைல் எதையும் அழிச்சிடாதீங்க.

அளவு விஷயத்துல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. “வாட்ஸ்அப்ல போடத்தான்”னு சொல்லிக் கேப்பாங்க. கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது “மண்டப வாசல்ல பெருசா வைக்கணும்”னு வருவாங்க. 1080-க்கு 1350 பிக்சல்ல வரைஞ்சிருந்தா, 300 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) அது மூணரை அங்குல அகலம்தான். பாஸ்போர்ட் படத்துக்கு அக்கா! அதனால யார் என்ன சொன்னாலும் குறைஞ்சது ஏ3, அதாவது 3508-க்கு 4961 பிக்சல்ல ஆரம்பிங்க. அதே பிக்சல்தான் 150 டிபிஐல ஏ1 அளவு. நாலடி தள்ளி நின்னு பாக்கிற பலகைக்கு அது போதும். ஒரு குறை, கேன்வாஸ் பெருசாக ஆக ப்ரொகிரியேட்ல லேயர் எண்ணிக்கை குறையும். பழைய ஐபேடா இருந்தா நகை வரையும்போது லேயர் தீர்ந்துடும், அப்பப்போ ரெண்டு மூணு லேயரை ஒண்ணா இணைச்சுக்கிட்டே போகணும்.

அச்சுல நிறமும் ஏமாத்தும். திரையில பளிச்சுன்னு இருக்கிற கிளிப்பச்சை, ராணி பிங்க், மயில்கழுத்து நீலம் மூணும் மையில மங்கிடும். கல்யாணப் புடவையும் பல சமயம் இந்த மூணுல ஒண்ணா இருக்கும், என்ன செய்ய. சன்ஷைன் பிளாசா பக்கமோ பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கமோ அச்சடிக்கப் போனா முதல்ல ஒரே ஒரு ஏ4 அடிச்சுப் பார்த்துட்டு, பிறகு மொத்தமா குடுங்க. ஓரத்துல 3 மில்லிமீட்டர் கூடுதலா விட்டு வரைஞ்சிருக்கணும், இல்லாட்டி வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும்.

போஸ்டர்னா தமிழ் எழுத்து இருக்கும், அங்க தனித் தலைவலி. பழைய ஃபோட்டோஷாப்ல ‘கோபி’ன்னு ஒட்டினா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம்னு வந்து நிக்கும். எழுத்துருவைக் குத்தம் சொல்லாதீங்க. ‘டைப்’ அமைப்புல போய் டெக்ஸ்ட் எஞ்சினை ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’டுக்கு மாத்துங்க, சரியாயிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரித் திறந்த உரிமம் உள்ள எழுத்துருன்னா காசு வாங்கற வேலைக்கும் தைரியமா பயன்படுத்தலாம். எங்கேயோ இறக்கின ‘இலவச’ எழுத்துரு பல சமயம் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம். கடைக்குக் குடுக்கும்போது எழுத்தை உருவமா மாத்திடுங்க, அந்தக் கணினியில உங்க எழுத்துரு இருக்காது. முக்கியமா, பேர்களை நீங்க தட்டச்சு பண்ணாதீங்க. அவங்களையே அனுப்பச் சொல்லி அப்படியே ஒட்டுங்க. தாத்தா பேர்ல ஒரு புள்ளி விட்டுப்போனா பழி உங்க மேலதான் விழும்.

இப்போ அந்த “பேரைப் போட்டுடறோம்” கதைக்கு வரேன். சிங்கப்பூரோட புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21-ல நடப்புக்கு வந்தது. படைப்பு பொதுவுல பயன்படும்போது படைச்சவர் பேரைச் சொல்லணும்ங்கிற உரிமையை அந்தச் சட்டமே குடுத்திருக்கு. அப்புறம் பேர் போடறது எப்படிச் சம்பளம் ஆகும்? அது ஏற்கெனவே உங்களோடது லா. இன்னொண்ணு: காசு குடுத்து உருவப்படம் வரையச் சொன்னா முன்னாடி பதிப்புரிமை வரையச் சொன்னவருக்குப் போகும். இப்போ ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் வரைஞ்சவருக்குத்தான். முதலாளிகிட்ட சம்பளத்துக்கு வேலையின் பகுதியா வரையறது மட்டும் வேற கணக்கு. ஆக நீங்க விக்கிறது பயன்பாட்டு அனுமதியைத்தான். ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’னு ஒரு வரி எழுதுங்க. அதே படத்தை உணவகக்காரர் மெனு அட்டையில போடணும்னா, டி-சட்டையில அடிச்சு விக்கணும்னா, அதுக்குத் தனி விலை.

ரசிகர் படம் வரையறவங்க கவனம். நடிகர் பட போஸ்டரையோ அனிமே பாத்திரத்தையோ வரைஞ்சு காசு வாங்கினா, அடுத்தவர் உரிமை மேல நீங்க வியாபாரம் பண்றீங்க. சும்மா போட்டாலும் முழுப் பாதுகாப்புன்னு இல்லை, ஆனா ‘நியாயமான பயன்பாடா’ன்னு பாக்கும்போது வணிக நோக்கமாங்கிறதும் ஒரு அளவுகோல். ஏஎஃப்ஏ, டோஜின் மார்க்கெட் மாதிரி அனிமே ரசிகர் விழாவுல விக்க மேசை போட நினைச்சா, ஏற்பாட்டாளர் விதிமுறையைப் படிச்சிட்டு ஸ்டிக்கர் அடிங்க. அடிச்சிட்டுப் படிக்காதீங்க.

வரி. லாபத்துக்காகத் திரும்பத் திரும்பப் பண்ணினா பொழுதுபோக்குன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, அது தொழில் வருமானம். செலவு போக நிகர வருமானம் வருஷத்துக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினா மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக்குக் கட்டணும். ரசீதுகளை அஞ்சு வருஷம் வெச்சிருக்கணும், ஒரு எக்செல் தாள் போதும். அடையாள அட்டையில உள்ள உங்க முழுப் பேர்லயே பண்ணினா தொழில் பதிவு ஆணையமான ஏக்ராவுல பதிய வேண்டாம். ‘மயிலிறகு ஸ்டூடியோ’ மாதிரிப் பேர் வெச்சா பதியணும். வேலை அனுமதியில இருக்கிற சகோதரர்களே, மாணவர் அனுமதியில இருக்கிற தம்பி தங்கைகளே, இது உங்களுக்கு: அனுமதி அட்டையில உள்ள வேலையைத் தவிர வேற வேலைக்குக் காசு வாங்கினா பிரச்சினை உங்க அனுமதிக்கே வரலாம். மனிதவள அமைச்சு விதியைப் பார்க்காம ஒரு வெள்ளிகூட வாங்காதீங்க. முழுநேர வேலையில இருக்கிறவங்க வெளிவேலை பத்தி ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு பாருங்க.

காசு வரலைன்னா? 20,000 வெள்ளி வரைக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், வக்கீல் வேண்டாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். ஆனா கையில எழுத்து இருக்கணும். “வாயால சொன்னாங்க”ன்னா இழுபறிதான்.

சும்மா குடுக்கிறதுன்னு முடிவு பண்ணினா அதையும் ஒழுங்கா குடுங்க. கோயில் அன்னதானம், சமூக மன்றத்துப் பொங்கல், முதியோர் இல்லத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை, நல்ல காரியம்தான். அப்பவும் ஒரு ரசீது எழுதுங்க: போஸ்டர் 180 வெள்ளி, நன்கொடை கழிவு 180, கட்ட வேண்டியது 0. ஒரு ஸ்கெட்ச், ஒரு திருத்தம், இந்த நிகழ்ச்சிக்கு மட்டும்னு கீழ எழுதுங்க. அடுத்த வருஷம் அவங்க பட்ஜெட் போடும்போது அந்த 180 கண்ணுல படும். மண்டபத்துக்கு வாடகை, சாப்பாட்டுக்குக் காசு, ஒலிபெருக்கிக்குக் காசு, படத்துக்கு மட்டும் ‘வாய்ப்பு’ன்னா என்ன நியாயம்னு நீங்க வாய்விட்டுக் கேக்க வேண்டியதில்லை, அந்தத் தாள் கேக்கும்.

சொந்தக்காரங்ககிட்ட விலை சொல்ல வாய் வராதுன்னு தெரியும். அவங்களுக்கு ஒரு மெசேஜ் எழுதி வெச்சிருக்கேன், படிக்கறேன், பேரை மட்டும் மாத்திக்கோங்க:

“வணக்கம் சித்தி, கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். ரெண்டு பேர், பட்டுப்புடவை, ஏ3 அளவுக்கு 160 வெள்ளி ஆகும். பாதி முன்பணம் வந்ததும் ஸ்கெட்ச் அனுப்பறேன், அதுல ரெண்டு தடவை மாத்திக்கலாம். மூணு வாரம் ஆகும். ஃபிரேம் பண்ணி வீட்டுல மாட்டிக்கலாம், கடைக்கோ விளம்பரத்துக்கோன்னா முதல்ல சொல்லிடுங்க. தேதி எப்போன்னு சொல்லுங்க, குறிச்சு வெச்சுக்கறேன்.”

இது கீழ டிஸ்கிரிப்ஷன்லயும் இருக்கு, ரசீது மாதிரியும் அங்கதான் வெச்சிருக்கேன். அடுத்த வீடியோவுல ஜரிகை ‘வார்ப்’ பண்றதை முழுசா வரைஞ்சு காட்டறேன்.