பிலிப்பைன்ஸ் தளங்கள்: எந்தச் சட்டத்தின் பேரில்?

அவையோருக்கு வணக்கம். 1946 ஜூலை 4 அன்று பிலிப்பைன்ஸ் அமெரிக்காவிடமிருந்து விடுதலை பெற்றது. ஆனாலும் அங்குள்ள கிளார்க் விமானத் தளமும் சூபிக் கடற்படைத் தளமும் அமெரிக்காவிடமே இருந்தன. எந்தச் சட்டத்தின் பேரில்?

பிலிப்பைன்ஸுக்கு விடுதலை தர அமெரிக்கா இயற்றிய 1934-இன் டைடிங்ஸ்-மெக்டஃபி சட்டப்படி, விடுதலையின்போது ராணுவ நிலங்களை அமெரிக்கா ஒப்படைக்க வேண்டும். கடற்படை நிலங்களுக்கும் எரிபொருள் நிலையங்களுக்கும் மட்டுமே விலக்கு. அவை குறித்தும் இரண்டு ஆண்டுக்குள் பேச்சு தொடங்க வேண்டும். கிளார்க் போன்ற விமானத் தளத்துக்கு அந்த விலக்கில் இடமில்லை.

போரின் நடுவே, 1944 ஜூன் 29 அன்று, அமெரிக்க காங்கிரஸ் 93-ஆம் கூட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிலிப்பைன்ஸ் அதிபருடன் பேசி, தளங்களை வைத்துக்கொள்ளவும் புதிதாகப் பெறவும் அமெரிக்க அதிபருக்கு அதிகாரம் வந்தது. 1945 ஜூலையில் பிலிப்பைன்ஸ் காங்கிரஸும் தன் அதிபருக்குப் பேச்சு நடத்தும் அதிகாரத்தைத் தந்தது. தேதியைக் கவனியுங்கள்: நிலம் கொடுக்கும் தரப்பு அப்போது அமெரிக்க இறையாண்மைக்கு உட்பட்டிருந்தது. அந்தச் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இரு அரசுகளும் 1947 மார்ச் 14 அன்று செய்த தள ஒப்பந்தத்தின் காலம் 99 ஆண்டுகள். முதல் பட்டியலில் 16 தளங்கள். தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ள இரண்டாம் பட்டியலில் 7. உள்ளே தனியார் நிலம் இருந்தால், பிலிப்பைன்ஸ் அரசே தன் சட்டப்படி நில எடுப்பு வழக்குத் தொடரும். நீதிமன்றம் குறிக்கும் விலையையும் செலவையும் அமெரிக்கா திருப்பித் தரும். அதாவது, அந்நியத் தளத்துக்காகச் சொந்தக் குடிமகன் மீது சொந்த அரசே வழக்காட வேண்டும்.

மணிலாவில் செனட் இதற்கு ஒப்புதல் அளித்தது. வாஷிங்டனிலோ இது செனட்டுக்கே போகவில்லை. நிர்வாக ஒப்பந்தமாகவே நின்றது. ஒரு தரப்பை உடன்படிக்கையாகக் கட்டிய தாள், மறு தரப்பை அப்படிக் கட்டவில்லை.

1966-இல் அந்த ஒப்பந்தத்தின் காலக்கெடு 1991 வரை எனச் சுருங்கியது. அதன் பிறகு அந்நியத் தளமோ படையோ வேண்டுமென்றால் என்ன செய்வது என்பதை பிலிப்பைன்ஸின் 1987 அரசியலமைப்பின் 18-ஆம் உறுப்பு, 25-ஆம் பிரிவு சொல்கிறது: செனட் ஏற்ற உடன்படிக்கை வேண்டும், காங்கிரஸ் கோரினால் பொதுவாக்கெடுப்பு வேண்டும், மறுதரப்பும் அதை உடன்படிக்கையாக ஏற்க வேண்டும். 1991 செப்டம்பர் 16 அன்று பிலிப்பைன்ஸ் செனட்டில் புதிய தள உடன்படிக்கைக்கு ஆதரவு 11, எதிர்ப்பு 12. மூன்றில் இரு பங்குக்கு 16 வாக்குகள் தேவை. 1992 நவம்பரில் சூபிக் காலியானது.

1998-இல், அமெரிக்கப் படைகள் பிலிப்பைன்ஸுக்கு வந்துபோக வழிசெய்யும் வருகைப் படை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்க செனட் அதற்கு வாக்களிக்கவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்கா ஏற்றால் போதும் என 2000-இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அமெரிக்கத் தூதரின் கடிதமே அதற்குச் சான்றாயிற்று. பிலிப்பைன்ஸ் தளங்களை அமெரிக்கப் படைகள் பயன்படுத்த வழிசெய்யும் 2014 ஒப்பந்தம் பிலிப்பைன்ஸ் செனட்டுக்கும் போகவில்லை. படைகள் உள்ளே வர 1998-லேயே அனுமதி கிடைத்துவிட்டது என்று சொல்லி, 2016-இல் நீதிமன்றம் அதையும் ஏற்றது. 2023 முதல் அந்த ஒப்பந்தத்தின் கீழ் அமெரிக்கப் படைகளுக்கு 9 இடங்கள்.