சின்னமலையின் முகம்: பிள்ளைகளுக்கான வரலாற்று நூல்களும் அவற்றின் படங்களும்

(சேலத்தில் நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும், பிள்ளைகளைக் கையோடு கூட்டி வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

முன்வரிசைப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்துத் திருவள்ளுவரை வரையச் சொன்னால், எல்லாத் தாளிலும் ஒரே ஆள்தான் இருப்பார். உச்சிக்கொண்டை, நீண்ட தாடி, ஒரு கையில் ஓலைச்சுவடி, இன்னொரு கையில் எழுத்தாணி. வள்ளுவரை நேரில் பார்த்து வரைந்த படம் எதுவும் நம்மிடம் இல்லை. இந்த உருவம் ஓவியர் வேணுகோபால் சர்மா தந்தது. குறளைத் திரும்பத் திரும்பப் படித்து, இப்படி எழுதியவர் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்து யோசித்து அவர் வரைந்தார். 1964-இல் அந்தப் படம் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வள்ளுவர் என்றால் அந்த முகம்தான். கட்டபொம்மன் என்றால் சிவாஜி கணேசனின் மீசை நினைவுக்கு வருவதும் இப்படித்தான்.

ஒரு படத்துக்கு இவ்வளவு வலு இருக்கிறது. பிள்ளைகளுக்கு எழுதும் வாழ்க்கை வரலாற்றில் தேதியைச் சரிபார்க்கிறோம், ஊர்ப் பெயரைச் சரிபார்க்கிறோம், ஒற்றுப்பிழை கூடப் பார்க்கிறோம். படத்தை மட்டும் ஓவியரிடம், “நல்லா கம்பீரமா போட்டுக் கொடுங்க” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளையின் மனதில் தேதி இருக்காது, படம் இருக்கும். அப்படியென்றால் எழுத்துக்கு எவ்வளவு ஆராய்ச்சி செய்கிறோமோ அவ்வளவையும் படத்துக்குச் செய்தாக வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

பக்கத்தில் இருக்கும் சங்ககிரியையே எடுத்துக்கொள்வோம். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை, 1805 ஜூலை 31-ஆம் தேதி அந்தக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். ஆடிப் பதினெட்டுக்கு அங்கே விழா நடக்கிறது. உங்களில் பலர் போயிருப்பீர்கள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருமுறை சின்னமலையைப் பற்றிய மூன்று புத்தகங்களைப் பிள்ளைகள் முன்னால் விரித்து வைத்தேன். மூன்றிலும் மூன்று ஆட்கள். ஒருவருக்கு முறுக்கு மீசை, இன்னொருவருக்குத் தொங்கு மீசை. தலைப்பாகை வேறு, நிறம் வேறு, வயது கூட வேறு. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சார், அவரைப் பார்த்தவங்க யாரும் வரையலையா?” என்று கேட்டாள். நமக்குக் கிடைத்தவரை யாரும் வரையவில்லை என்றேன். “அப்போ இவங்கல்லாம் யாரு?” என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் புத்தகத்திலேயே இருந்திருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் நாலு வரி போதும்: சின்னமலையை நேரில் கண்டு வரைந்த படம் இல்லை, இந்த முகம் ஓவியரின் கற்பனை, கோட்டைச் சுவரும் மலையும் இன்று இருப்பதைப் பார்த்து வரைந்தவை. இப்படிச் சொன்னால் வீரனின் பெருமை குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. எது தெரியும், எது ஊகம் என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் வரலாற்றுப் பாடத்தின் முதல் படி. அதைப் பத்து வயதுப் பிள்ளையால் செய்ய முடியும். அந்தப் பெண் யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்தாளே.

முகத்தை விடுங்கள், எதிரில் நிற்கிற படையைப் பாருங்கள். நம் படக்கதைகளில் கம்பெனிப் படை என்றால் வரிசையாக வெள்ளைக்காரர்களை நிறுத்திவிடுகிறோம். உண்மையில் கம்பெனியின் சென்னைப் படையில் சிப்பாய்களில் பெரும்பாலானோர் இந்த மண்ணின் ஆட்கள். சிவப்புக் கோட்டுக்குள் இருந்தது தமிழ் பேசிய, தெலுங்கு பேசிய நம் ஊர் முகங்கள். அதை உள்ளபடி வரைந்தால் பிள்ளை அடுத்து என்ன கேட்கும்? “நம்ம ஆளுங்க ஏன் அந்தப் பக்கம் நின்னாங்க?” என்று கேட்கும். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வெள்ளை முகங்களை மட்டும் வரைந்த படம் அதைக் கேட்கவே விடாமல் செய்துவிடுகிறது.

செடி கொடியிலும் இந்தக் கவனம் வேண்டும். சங்ககிரி அடிவாரம் என்று சீமைக் கருவேலப் புதரை வரைகிறார்கள். இன்று அங்கே அது இருக்கிறது, 1805-இல் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னால் வந்த செடி அது. அதியமான் காலத்துத் தகடூர்ச் சமையலறையில் மிளகாயைத் தொங்கவிடக் கூடாது, அவன் நாட்டு வயலில் மரவள்ளி வளரக் கூடாது. மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கிற ஊர்க்காரர்களான நமக்கு இது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஏற்காட்டின் பழங்காலத்தை வரைகிறவர் சில்வர் ஓக் மரத்தை வரிசையாக நட்டுவிடுகிறார். காபியே 1820-களில், கலெக்டர் காக்பர்ன் காலத்தில் மலையேறியது. அந்தக் காபிக்கு நிழல் தருவதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் சில்வர் ஓக். இதையெல்லாம் கண்டுபிடிக்க ஓவியர் பல்கலைக்கழகம் போக வேண்டியதில்லை. ஊரில் ஒரு தாவரவியல் ஆசிரியரிடம் காட்டினால் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். நாம் காட்டுவதில்லை.

ஏற்காட்டைச் சொன்னதும் அங்கே வாழ்ந்த ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசை. ராபர்ட் புரூஸ் ஃபுட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-இல் சேர்ந்த ஆங்கிலேயர். 1863 மே 30 அன்று சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழி ஒன்றில், மனிதன் செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். கைக்கோடரி. அப்போது அவருக்கு 28 வயது. அந்த வருடமே அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தது. அந்த அத்திரம்பாக்கக் கருவிகளில் மிகப் பழையவற்றின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஐரோப்பாவிலேயே மனித இனம் மிகப் பழையது என்பதை அறிவுலகம் ஏற்கத் தொடங்கியது 1859-இல்தான். நாலே வருடத்தில் நம் பக்கம் சான்று கிடைத்துவிட்டது. பூமிக்கு அடியில் என்ன கனிமம் இருக்கிறது என்று பார்க்க அனுப்பப்பட்டவர், தம் வேலைக்கு நடுவில் பல ஆண்டுகள் ஊர் ஊராக இப்படிக் கற்களைச் சேர்த்தார். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் குடியிருந்து, அவற்றையெல்லாம் வகைப்படுத்திப் பட்டியல் எழுதினார். அவருடைய சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. 1912-இல் கல்கத்தாவில் இறந்தார். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவு இருக்கிறது. அவருடைய மாமனார் யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்திய பீட்டர் பெர்சிவல் பாதிரியார். ஆறுமுக நாவலரோடு சேர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். ஒரே குடும்பத்தில் ஒருவர் பழமொழி சேர்த்தார், ஒருவர் கல் சேர்த்தார். பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?

இதைப் படத்தோடு சொல்லும்போது எங்கே தவறும் என்று பாருங்கள். கைக்கோடரி என்று எழுதிக் கொடுத்தால், கேட்ட உடனே ஓவியர் மரப்பிடி போட்டுக் கயிற்றால் கட்டிவிடுவார். கைக்கோடரிக்குப் பிடி கிடையாது. உள்ளங்கை அளவுக் கல். ஒரு முனை கூர், மறுமுனை தடிமன். இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்து எடுத்த தழும்பு. தடித்த பக்கத்தை உள்ளங்கையில் வைத்து, விரல்களால் இறுக்கிப் பிடித்து வெட்டினார்கள், கிழித்தார்கள், தோண்டினார்கள். வழவழப்பாகத் தேய்த்த கோடரி வேறு. அது பல லட்சம் ஆண்டு கழித்து வந்த புதிய கற்காலத்தது. நம் சேர்வராயன் மலையில் கிடைப்பது அந்த வகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், நிஜ அளவில் வரைந்து, “உன் கையை இதன்மேல் வைத்துப் பார்” என்று எழுதுங்கள். பிள்ளையின் கையும் அந்தக் கல்லும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். அந்த ஒரு பக்கத்துக்காகவே அந்தப் புத்தகத்தை நான் வாங்குவேன்.

இனி கொஞ்சம் கடினமான பகுதி. சேலம் விஜயராகவாச்சாரியார் பெயரைச் சாலையிலும் கட்டடத்திலும் பார்க்கிறோம். 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது 1882-இல் இதே ஊரில் நடந்த கலவரம். கோவில் ஊர்வலப் பாதையில் மசூதி கட்டப்பட்டது பற்றிய தகராறு அது. கலவரத்தைத் தூண்டினார் என்று அவர்மேல் வழக்கு, பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை, மேல்முறையீட்டில் விடுதலை. அப்போது அவருக்கு முப்பது வயதுதான்.

பிள்ளைகள் புத்தகத்தில் மதக் கலவரமா என்று இந்தப் பக்கத்தை அப்படியே தாண்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாண்டினால் அந்த மனிதர் புரியமாட்டார். அதற்காக எரிகிற வீட்டையும் ஓங்கிய கத்தியையும் இரண்டு பக்கத்துக்கு விரித்து வரையச் சொல்லவில்லை. அப்படி ஒரு படத்தில் எந்தத் தரப்பின் உடை வில்லனுக்குப் போடப்படுகிறதோ, அந்த உடையில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அன்றைக்கு எப்படி வீட்டுக்குப் போகும்? நீதிமன்றத்தை வரையுங்கள். கூண்டில் நிற்கிற இளம் வழக்கறிஞர், சாட்சி சொல்ல வந்தவரின் முகம், எழுதிக்கொண்டிருக்கும் குமாஸ்தா. ஒரு சாட்சியை எப்படி நம்புவது என்பதுதான் அந்தக் கதையின் மையம்.

1950 பிப்ரவரி 11-ஐயும் இதோடு சொல்லிவிடுகிறேன். குடியரசு பிறந்து பதினாறே நாள். சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு இது வேண்டாம். பதிமூன்று, பதினாலு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரத்தம் தேவையில்லை. சிறைக் கதவும் இறந்தவர்களின் 22 பெயரும் ஒரு பக்கம் நிறைய இருந்தால் போதும்.

கடைசியாகச் செய்முறை. படப் புத்தகம் பெரும்பாலும் இரண்டு பாரம், 32 பக்கம். அதில் ஒருவரின் பிறப்பு முதல் இறப்பு வரை அடைக்கப் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் பட்டியலாகிவிடும். அவர் வாழ்க்கையில் ஒரு வருடத்தை எடுங்கள், ஒரு வழக்கை எடுங்கள், ஒரு கல்லை எடுங்கள். மீதியை அட்டையின் உள்பக்கத்தில் கொடுக்கலாம். பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பட்டையில் அந்த நேரத்தில் வேறெங்கே என்ன நடந்தது என்று போடலாம். 1792-இல் திப்புவிடமிருந்து சேலமும், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமான பாராமகாலும் கம்பெனி கைக்குப் போன அதே வருடம் பிரான்சில் மன்னராட்சி ஒழிந்தது. இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்குக் கண் விரியும்.

ஓவியருக்கும் உரியதைக் கொடுக்க வேண்டும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, பெயரை உள்பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிற வழக்கம் நிற்க வேண்டும். சங்ககிரி மலையில் ஏறிப் பார்த்துவிட்டு வரைய வேண்டும் என்று கேட்கிறோம். அந்த நாளுக்கான கூலியும் பஸ் செலவும் யார் தருவது? புத்தகத்தின் பாதி அவருடையது. அட்டையில் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அவர் பெயர் வர வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய புகைப்படம் இருக்கும். ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் தாத்தா வேலை பார்த்திருப்பார். பாட்டி தறிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் இருக்கும். ஜவ்வரிசி ஆலைக் களத்தில் எடுத்தது, காபித் தோட்டத்து லயத்தில் எடுத்தது இருக்கும். அந்தக் காலத்துச் சேலையின் கட்டு, விளக்கு, சைக்கிள், கடைப் பலகை எல்லாம் ஓவியருக்கு அதிலிருந்துதான் கிடைக்கும். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். என்ன படம் இருக்கிறது, ஏறக்குறைய எந்த வருடம், யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள். மூலத்தைத் தர வேண்டாம். வெளிச்சத்தில் வைத்துச் செல்போனில் எடுத்து அனுப்பினால் போதும். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுத்து அனுப்புங்கள்.