சிரிப்புச் சத்தம் ஒன்றுதான்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பியானோ. அதன் முன்னால் நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, அந்தக் காலம் மாதிரி வருமா என்று பாடுகிறார்கள். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மனைவியின் குரல் கீச்சென்று கிழிகிறது. பாட்டு முடிகிற இடத்தில் பழைய லசால் கார் ஒன்றைப் பற்றி ஒரு வரி. பார்த்தவர்கள் பலருக்கு அது என்ன வார்த்தை என்றே பிடிபடவில்லை. கேட்டுக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். பிறகு அந்த வரியை நிறுத்தி, அழுத்தி உச்சரித்துப் புதிதாகப் பதிவு செய்தார்கள்.

அமெரிக்காவில் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற தொடர் இப்படித்தான் ஆரம்பமாகும். பாட்டில் இருந்த குழப்பத்தைத் தீர்த்துவிட்டார்கள். தொடரையே ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்களே, அந்தக் குழப்பத்தை யாராலும் தீர்க்க முடியவில்லை.

1971 ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை இரவு, சிபிஎஸ் அலைவரிசையில் முதல் பகுதி வந்தது. தயாரிப்பாளர் நார்மன் லியர். பிபிசி-யில் வந்த ஒரு பிரிட்டிஷ் தொடரை அமெரிக்கக் குடும்பத்துக்கு ஏற்ப மாற்றியிருந்தார். ஏபிசி என்ற இன்னொரு தொலைக்காட்சி நிறுவனம் இரண்டு முறை மாதிரிப் பகுதி எடுக்கவைத்து, இரண்டு முறையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய சரக்கு இது. சிபிஎஸ்ஸுக்கும் உள்ளூர பயம்தான். இதில் நகைச்சுவையின் வெளிச்சம் நம் குறைகள் மீதும் தப்பெண்ணங்கள் மீதும் விழப்போகிறது என்று திரையில் முன்கூட்டியே எச்சரிக்கை போட்டார்கள். வசவு வாங்கிக்கொள்ளக் கூடுதல் தொலைபேசி ஆட்களையும் உட்காரவைத்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு மணி அடிக்கவில்லை.

கதை நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஒரு சின்ன வீட்டில். வீட்டுக்காரர் ஆர்ச்சி பங்க்கர், சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் மேஸ்திரி. கறுப்பர், யூதர், போர்ட்டோ ரிக்கோக்காரர், ஒருத்தர் பாக்கியில்லாமல் வாய்க்கு வந்தபடி பேசுவார். மனைவி ஈடித் வாயைத் திறந்தால் உடனே அடக்குவார். மகள் குளோரியா, மருமகன் மைக் இருவரும் அதே வீட்டில். மைக் போலந்து வம்சாவளி, கல்லூரி மாணவன், சமத்துவம் பேசுகிறவன். நம் மொழியில் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளை.

அந்த ஒரு சொல்லில்தான் என் பெரியப்பா மாட்டிக்கொண்டார். பழைய பதிவுகளை அவருடன் உட்கார்ந்து பார்த்தேன். மைக் நியாயமாக ஏதோ வாதாடிக்கொண்டிருந்தான். பெரியப்பா சட்டென்று, "ஏம்ப்பா, மாமனார் சோத்தைத் தின்னுக்கிட்டே மாமனாரை மட்டம் தட்டுறானே, இது எந்த ஊரு நியாயம்?" என்றார். அதுவரை இருவரும் ஒன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் எதற்குச் சிரித்தார், நான் எதற்குச் சிரித்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதே சண்டை அமெரிக்காவில் அச்சில் ஏறியது. 1971 செப்டம்பரில் லாரா ஹாப்சன் என்ற நாவலாசிரியர் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். நிஜ வெறுப்பாளன் இதைவிடக் கொடிய வார்த்தைகளைப் பேசுவான். அவற்றை வடிகட்டிவிட்டு, வெறுப்பைப் பிரியமான பண்டமாக ஆக்கிவிட்டீர்களே என்பது அவர் குற்றச்சாட்டு. லியர் அடுத்த மாதமே அதே நாளிதழில் பதில் எழுதினார். ஆர்ச்சியிடம் தன் அப்பாவின் சாயல் உண்டு என்று லியர் பல முறை சொல்லியிருக்கிறார். அப்பாவை வெறும் வில்லனாக எழுத எந்த மகனுக்குக் கை வரும்?

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஹாப்சன் பயந்தது வீண் பயமல்ல. நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க வளரிளம் பருவத்தினரையும் கனடாவில் பெரியவர்களையும் கேட்டு, 1974-இல் முடிவை வெளியிட்டார்கள். தப்பெண்ணம் மிகுந்தவர்கள், இல்லாதவர்கள் இரண்டு தரப்புமே தொடரை ரசித்தார்கள். தப்பெண்ணம் மிகுந்தவர்களுக்கு ஆர்ச்சி சொல்வதுதான் சரியாகப் பட்டது, கடைசியில் ஜெயிப்பதும் அவர்தான் என்று தோன்றியது. 1972 தேர்தல் சமயத்தில் 'ஆர்ச்சி பங்க்கரை ஜனாதிபதியாக்குங்கள்' என்று பட்டன் குத்திக்கொண்டு திரிந்தவர்களில் எத்தனை பேர் கிண்டலுக்கு, எத்தனை பேர் மனதார என்று யார் பிரித்துச் சொல்வது?

நம் இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று ஒரு அணி உண்டு. தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டிப் பளபளக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாரே ஔவை! தொண்டைமான் அதைக் கேட்டு, 'பரவாயில்லையே, நம் ஆயுதக் கிடங்கைப் புலவர் புகழ்ந்துவிட்டார்' என்று சந்தோஷமாகத் தூங்கப் போயிருந்தால்? லியருக்குப் பல லட்சம் தொண்டைமான்கள் வாய்த்துவிட்டார்கள்.

அதற்கு ஆர்ச்சியாக நடித்த கேரல் ஓ'கானரும் ஒரு காரணம். சொந்த வாழ்க்கையில் முற்போக்கான கருத்துள்ளவர், ஆர்ச்சிக்கு நேர் எதிர். ஆனால் நடிப்பில் அந்த மனுஷனை விட்டுக்கொடுக்கவே மாட்டார். வாதத்தில் தோற்றுப்போனதும் ஒரு முழி முழிப்பார் பாருங்கள், நமக்கே பாவமாகிவிடும்.

1972 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். ஆர்ச்சி உபரி வருமானத்துக்கு டாக்ஸி ஓட்டுகிறார். அதில் பெட்டியை மறந்து வைத்துவிட்டு, அதை வாங்க வீட்டுக்கே வருகிறார் சாமி டேவிஸ் ஜூனியர், உண்மையான அந்தப் பாடகரே. கறுப்பர். ஆர்ச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு புகைப்படம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார்கள். மூன்றில் டேவிஸ் திரும்பி ஆர்ச்சி கன்னத்தில் முத்தம் வைக்கிறார். ஆர்ச்சி அப்படியே உறைந்துபோகிறார். அரங்கில் எழுந்த சிரிப்பு அடங்கவே இல்லை. யார் பக்கம் இருந்தவரும் சிரிக்காமல் இருக்க முடியாத இடம் அது ஒன்றுதான் என்பேன். பெரியப்பாவும் அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஈடித்தைப் பற்றியும் இரண்டு அபிப்பிராயம். பாதிப் பேருக்கு அவள் அசடு. எனக்கு, அந்த வீட்டில் எதிராளி பேசுவதைக் காதில் வாங்குகிற ஒரே ஆள் அவள்தான். ஈடித்தாக நடித்த ஜீன் ஸ்டேபிள்டன் அதை ஓட்டமும் நடையுமாகவே செய்துகாட்டினார்.

இத்தனை சண்டைக்கு நடுவிலும், 1971 முதல் 1976 வரை வரிசையாக ஐந்து பருவங்கள், எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கிடும் நீல்சன் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம்.

அப்புறம் அந்த நாற்காலி. ஆர்ச்சியின் நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது. மைக் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார். பழைய சாமான் கடையில் சில டாலருக்கு வாங்கியது. 1978-இல் அதையும் ஈடித்தின் நாற்காலியையும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தொடர் அதோடு முடிகிறது என்று நினைத்திருந்தார்கள். முடியவில்லை, இன்னொரு பருவம் ஓடியது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாதே. அதே மாதிரி நாற்காலிகளை ஆயிரக்கணக்கான டாலர் செலவில் புதிதாகச் செய்து, பார்க்கப் பழசாகத் தெரியும்படி ஆக்கி, ஆர்ச்சியை அதில் உட்காரவைத்தார்கள்.

வணக்கம்.