ஆலோசகர் எங்கே நிற்கிறார்?

அவையோருக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் போர்களுக்கு இராணுவ ஆலோசகர்களை அனுப்பலாமா என்பது தலைப்பு. பட்டிமன்றமாக இருந்தால் எளிது. ‘நட்பு நாடு கேட்கிறது, கைகொடுப்போம்’ என்று ஓர் அணி, ‘அடுத்தவன் சண்டையில் எமக்கென்ன வேலை’ என்று மற்ற அணி. இரண்டுக்கும் கைதட்டு உண்டு. அமைச்சரவைப் பத்திரத்தில் கையெழுத்திடுபவருக்கு அது போதாது. அவரிடம் பாராளுமன்றமும் பத்திரிகைகளும் முதலில் கேட்பது ‘எத்தனை பேர்?’ என்றுதான். ஐம்பது என்றால் பரவாயில்லை, ஐந்நூறு என்றால் கூச்சல். அந்த எண்ணில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆலோசகர் எங்கே நிற்கிறார் என்பதே மீதி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நிற்கக்கூடிய இடங்கள் மூன்று. சண்டையிலிருந்து வெகு தொலைவில் உள்ள பயிற்சி முகாம் ஒன்று. அங்கே துப்பாக்கி சுடுதல், கண்ணிவெடி அகற்றல், முதலுதவி, வானொலித் தொடர்பு ஆகியவற்றைக் கற்பிப்பார். அடுத்தது பிரிகேட் தலைமையகம்: வரைபட மேசை அருகே இருந்து திட்டத்தைத் திருத்துவார், உளவுத் தகவல் பகிர்வார். கடைசியானது, முன்னேறும் படையோடு கூடவே நடந்து, எறிகணைக்கும் விமானத்துக்கும் இலக்குச் சொல்வது. அனுப்பும்போது எல்லா அரசுகளும் முதலாம் இடத்தைத்தான் சொல்கின்றன. பயிற்சி பெற்றவர்கள் களத்தில் சிதறி ஓடியதும், ‘நாமும் கூடப் போயிருந்தால் தடுத்திருக்கலாம்’ என்று அங்கிருந்து கடிதம் வரும். அந்தக் கடிதம் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லும். அதனால்தான் மறுப்பது கடினம்.

அமெரிக்க விசேட படையின் அடிப்படைக் குழுவில் 12 பேர். ஒரு கப்டன், ஒரு வொரண்ட் அதிகாரி, குழுவின் மூத்த சார்ஜன்ட், உளவுக்கு ஒருவர். ஆயுதம், பொறியியல், மருத்துவம், தொடர்பாடல் ஆகிய நான்குக்கும் இருவர் இருவராக எட்டுப் பேர். குழு இரண்டாகப் பிரிந்தாலும் இரு பாதியிலும் எல்லாத் திறமையும் இருக்கட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கேட்பதற்கு அளவான தொகைதான். ஆனால் 2009இல் அந்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர் றொபேட் கேட்ஸ், ஆப்கானிஸ்தானில் காயப்படும் சிப்பாய் 60 நிமிடத்துக்குள் சிகிச்சை நிலையத்தை அடைய வேண்டும் என்று உத்தரவிட்டார். எந்தத் தாயும் இதை எதிர்க்க மாட்டார். இதன் செலவைக் கூட்டிப் பாருங்கள். எட்டும் தூரத்தில் ஹெலிகொப்டர் நிற்க வேண்டும், அது பழுதானால் போக இன்னொன்று வேண்டும். எரிபொருள், ஓடுதளம், சத்திரசிகிச்சைக் கூடம், இவற்றைச் சுற்றிக் காவல். காவலுக்கு வருபவரை யாரும் ஆலோசகர் என்று அழைப்பதில்லை. அவர் காலாட்படை.

வியட்நாமில் இந்தக் கணக்கு அப்படியே நடந்தது. 1960 முடிவில் அங்கிருந்த அமெரிக்க ஆலோசகர்கள் சுமார் 900 பேர். 1963 முடிவில் 16,000க்கும் மேல். 1965 பெப்ரவரி 7ஆம் திகதி பிளெய்க்குவில் அவர்களுடைய முகாம் தாக்கப்பட்டு 8 அமெரிக்கர்கள் இறந்தார்கள். அன்றே பதிலடியாக வட வியட்நாம் மீது குண்டு விழுந்தது. மார்ச் 8ஆம் திகதி டா நாங் கடற்கரையில் சுமார் 3,500 மரைன் படையினர் இறங்கினார்கள். அவர்களுக்குக் கொடுத்த வேலை விமானத் தளத்தைக் காவல் காப்பது, அவ்வளவுதான். 1969இல் அங்கே ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர்.

ஆலோசகருக்குக் கட்டளை அதிகாரம் கிடையாது என்பதை அந்தப் போரில் ‘அப் பாக்’ என்ற கிராமத்தில் நடந்த சண்டை காட்டியது. 1963 ஜனவரி 2. அமெரிக்க ஆலோசகரான லெப்டினன்ட் கேணல் ஜோன் போல் வான் சிறிய விமானமொன்றில் வயல்களுக்கு மேலே வட்டமிடுகிறார். கீழே ஹெலிகொப்டர்கள் விழுந்து கிடக்கின்றன. அருகே எம்-113 கவச வண்டிகள் நிற்கின்றன. ‘முன்னேறுங்கள்’ என்று வானொலியில் அவர் கத்தியும், தென் வியட்நாம் கப்டன் மணிக்கணக்கில் தயங்குகிறார். அது கோழைத்தனம் என்று சொல்வது பிழை. ஆட்களை இழக்கும் தளபதியை ஜனாதிபதி டியெம் விரும்புவதில்லை என்பது அந்த இராணுவத்தில் எல்லோருக்கும் தெரியும். பதவி உயர்வு கொடுப்பவர் தலைநகர் சைகோனில் இருக்கும்போது, ஆகாயத்திலிருந்து கத்துபவரின் சொல் எவ்வளவு தூரம் ஏறும்? அன்று 3 அமெரிக்கர்கள் இறந்தார்கள், 5 ஹெலிகொப்டர்கள் போயின. மேலிடம் அதை வெற்றி என்றே அறிவித்தது.

வியட்நாமில் சூடுபட்ட வொஷிங்டன், மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோரின் உள்நாட்டுப் போரில் எச்சரிக்கையானது. பயிற்றுநர் 55 பேருக்கு மேல் கூடாது, சண்டைக்குப் போகக் கூடாது, கைத்துப்பாக்கிக்கு மேல் ஏந்தக் கூடாது என்றெல்லாம் விதி போட்டது. 1982இல் ரைபிளோடு தொலைக்காட்சிக் கமராவில் சிக்கிய ஓர் அதிகாரியைத் திருப்பி அழைத்தார்கள். 55 என்ற எண் பெரும்பாலும் காகிதத்தில் காப்பாற்றப்பட்டது. மருத்துவக் குழுவும் தற்காலிகப் பணிக்கு வந்தவர்களும் கணக்கில் வரவில்லை. சல்வடோர்ச் சிப்பாய்களையே விமானத்தில் ஏற்றி ஹொண்டுராசிலும் அமெரிக்காவிலும் பயிற்சி கொடுத்தார்கள். அமெரிக்கப் பயிற்சி பெற்ற அத்லகாத்ல் பட்டாலியன்தான் 1981 டிசம்பரில் எல் மொசோத்தே கிராமத்து மக்களைக் கொன்றது. 1989இல் ஆறு யேசு சபைக் குருமாரைக் கொன்றவர்களும் அதே படையணியினர். அங்கே எந்த ஆலோசகரும் கூட நிற்கவில்லை என்றார்கள். நின்றிருந்தால் உடந்தை, நிற்காவிட்டால் கட்டுப்பாடு இல்லை. முதலாம் இடமும் முழுப் பாதுகாப்பானதல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

சட்டம் இதைக் காணாமல் இல்லை. 1973இன் அமெரிக்கப் போர் அதிகாரத் தீர்மானம், சண்டையில் ஈடுபட்டுள்ள வேற்று நாட்டுப் படையுடன் தன் படையினர் ‘உடன்செல்வதையும்’ படை இறக்கியதாகவே கொள்கிறது. அப்படியானால் 48 மணிநேரத்தில் கொங்கிரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாளில், வெளியேற வேண்டும். எல் சல்வடோர் விடயத்தில் கொங்கிரஸ் உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். அங்கே நடப்பது சண்டையா இல்லையா என்று கண்டறிய நீதிமன்றத்தால் இயலாது என்று 1982இல் தள்ளுபடியானது. சட்டம் கூரியது, அதைப் பிடிக்கத்தான் கை இல்லை.

எமது இலங்கை அரசியலமைப்பில் போரையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்யும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இருக்கிறது. ஆலோசகரை அனுப்பப் பிரகடனமே தேவையில்லை. 2024 ஜனவரியில் செங்கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்பும் அறிவிப்பு வந்தபோது, இரு வாரத்துக்கு 250 மில்லியன் ரூபாயா என்பதிலேயே சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. அந்தக் கப்பல் மீது ஏவுகணை விழுந்தால் பதிலடி கொடுக்க உத்தரவிடுவது யார் என்ற கேள்வி மேலே வரவில்லை.

இத்தனைக்கும் நாங்கள் ஆலோசகர்களை வாங்கி அனுபவித்த நாடு. 1984இல் இங்கே வந்த கே.எம்.எஸ். என்ற பிரித்தானியத் தனியார் நிறுவனம் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது. அதன் விமானிகள் தாக்குதல் ஹெலிகொப்டர்களையும் ஓட்டினார்கள். இது தனியாரின் வியாபாரம் என்று லண்டன் கைகழுவியது. 2020இல்தான் லண்டன் பொலிசார் போர்க்குற்ற விசாரணை தொடங்கினார்கள், 36 ஆண்டு கழித்து! இன்னொன்று: 2008 செப்டெம்பர் 9ஆம் திகதி வவுனியா வன்னித் தலைமையகம் தாக்கப்பட்டபோது இந்திய ராடர் நிபுணர்கள் இருவர் காயப்பட்டார்கள். அவர்கள் அங்கே இருந்ததே காயத்தின் பின்தான் பொதுவெளிக்கு வந்தது. ராடர் இயக்குபவர் துப்பாக்கி தூக்கவில்லைதான். விமானம் வருகிறது என்று சொல்பவர் இல்லாமல் அதைச் சுடுபவர் இல்லை.

அப்படியானால் எங்குமே பலன் கிடைக்கவில்லையா? ஓமானில் கிடைத்தது. அந்நாட்டின் தெற்கில் நடந்த டோபார் கிளர்ச்சியின்போது பிரித்தானிய அதிகாரிகள் சுல்தானின் சீருடையிலேயே கட்டளையிட்டார்கள், பிரித்தானிய விசேட படையான எஸ்.ஏ.எஸ். குழுக்கள் சரணடைந்தவர்களைக் கொண்டு உள்ளூர்ப் படைகளைக் கட்டின. ஈரானியப் படையினரும் வந்தார்கள். ஆனால் 1970 ஜூலையில் காபூஸ் தன் தந்தையான சுல்தானை நீக்கி ஆட்சிக்கு வந்து, பொதுமன்னிப்பு அறிவித்து, கிணறும் மருத்துவமனையும் பாடசாலையும் கொண்டுபோன பிறகே அந்தப் பயிற்சி பயன் தந்தது. அரசு மாறத் தயாராக இல்லாத இடத்தில் ஆலோசகர் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்.

ஈராக்கைப் பாருங்கள். பல ஆண்டு அமெரிக்கப் பயிற்சிக்குப் பிறகும் 2014 ஜூனில் மொசூல் நகரம் ஐ.எஸ். இயக்கத்திடம் வீழ்ந்தது. அந்த ஆண்டு இறுதியில் பிரதமர் அபாதி, நான்கு டிவிஷன்களில் 50,000 ‘ஆவிச் சிப்பாய்கள்’ இருப்பதாகச் சொன்னார். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும், முகாமில் ஆள் இருக்காது, பணம் அதிகாரியின் பையில். ஆப்கானிஸ்தானில் வேறு விதமான பிழை. உள்ளூர் இயந்திரவியலாளர்கள் பெரும்பாலும் தாமே பராமரித்த ருஷ்ய எம்.ஐ.-17 ஹெலிகொப்டருக்குப் பதிலாக அமெரிக்க பிளாக் ஹோக் கொடுத்தார்கள். அதன் பராமரிப்பு ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர் கையில். 2021இல் அவர்கள் விமானம் ஏறியதும் ஹெலிகொப்டர்கள் தரையில் நிற்கத் தொடங்கின.

ஆகவே, எந்த அரசு அனுப்பினாலும், அது எமது அரசாகவே இருந்தாலும், சில விடயங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஆலோசகர் தாண்டக்கூடாத கோடு வரைபடத்தில் கிலோமீற்றரில் குறிக்கப்பட வேண்டும். அதைத் தாண்ட அனுமதிப்பவர் பதவிப் பெயருடன் எழுதப்பட வேண்டும். சம்பளம் வாங்கும் சிப்பாயின் கைரேகையைச் சரிபார்க்கும் உரிமை வேண்டும். கொலை, சித்திரவதை குற்றச்சாட்டு உள்ள படையணிக்குப் பயிற்சி நிறுத்தப்பட வேண்டும். அமெரிக்காவில் 1997 முதல் லீஹி சட்டம் இதைக் கோருகிறது. நடைமுறையில் தனி ஆட்களை நீக்கிவிட்டு அணியைத் தொடர்வதும் உண்டு, அந்த ஓட்டையை அடைத்தே எழுத வேண்டும்.

வெளியேறும் பிரிவை யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை. 1972 ஜூலையில் எகிப்திய ஜனாதிபதி சாதாத் ஓர் அறிவிப்பில் ஆயிரக்கணக்கான சோவியத் ஆலோசகர்களை எகிப்திலிருந்து அனுப்பிவிட்டார். மேற்கு ஆபிரிக்க நாடான நைஜரில் 2017 ஒக்டோபரில் தோங்கோ தோங்கோ கிராமத்தருகே 4 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தபோது, அங்கே இத்தனை பேர் இருப்பது தமக்கே தெரியாது என்று செனட்டர்கள் சொன்னார்கள். 2023இல் ஆட்சி கவிழ்ந்தது, 2024இல் எல்லோரும் வெளியேற வேண்டியதாயிற்று. எத்தனை நாள் அவகாசம், ஆயுதங்களை யார் எண்ணி ஒப்படைப்பது, உள்ளூர் மொழிபெயர்ப்பாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் விசா எந்த அலுவலகத்தில், எத்தனை நாளில் என்பவை முதல் நாளே, ஆலோசகர் விமானம் ஏறுமுன், எழுதப்பட்டிருக்க வேண்டும்.